நாலு பேர் வீட்டில் சிலிண்டர் 28 நாளில் தீர்ந்துவிடுகிறது. சமையலைக் குறைக்காமல் 45 நாள் வரவைக்க முடியுமா?

முடியும். முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். வீட்டுச் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. 28 நாளில் தீர்கிறது என்றால் தினமும் சுமார் 500 கிராம் எரிகிறது. 45 நாள் வர வேண்டுமானால் தினம் 315 கிராமுக்குள் நிற்க வேண்டும். அதாவது நீங்கள் தேட வேண்டியது ஒரு நாளைக்கு 190 கிராம். இது எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டால் மிச்சம் பிடிப்பது கடினமில்லை.

தேடுவதற்கு முன் இரண்டு விஷயங்களை உறுதி செய்துகொள்ளுங்கள். வந்த சிலிண்டரில் முழு கேஸ் இருந்ததா? சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றில் காலி எடை அடித்திருக்கும், 15.8 என்பது போல ஓர் எண். அதோடு 14.2 கூட்டினால் மொத்த எடை. டெலிவரி செய்பவர் தராசு வைத்திருக்க வேண்டும், கேட்டால் உங்கள் முன்னால் எடை போட்டுக் காட்ட வேண்டும். சங்கடப்படாமல் கேளுங்கள். இரண்டாவது, கசிவு. சோப்பு நுரையை ரெகுலேட்டர் சேரும் இடம், டியூபின் இரு முனைகள், அடுப்புக் குமிழ்களின் அடி எல்லாவற்றிலும் தடவிப் பாருங்கள். குமிழி ஊதினால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். கம்பி வலை உள்ளே இருக்கும் ஆரஞ்சு நிற டியூபுக்கு ஐந்து வருட ஆயுள்தான். தேதி டியூபிலேயே அச்சிட்டிருக்கும். கேஸ் வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906க்கு அழையுங்கள்.

இரண்டும் சரி என்றால் அடுத்த கேள்வி: குளிக்க வெந்நீர் கேஸில் போடுகிறீர்களா? பலரும் இதைச் சமையல் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஒரு கிராம் கேஸ் எரிந்தால் பாத்திரத்துக்குள் போய்ச் சேரும் சூடு சுமார் 30 கிலோஜூல். 20 லிட்டர் வாளித் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்குக் கொண்டுவர 1170 கிலோஜூல் வேண்டும். அதாவது 39 கிராம். நாலு பேர் குளித்தால் 156 கிராம். நீங்கள் தேடுகிற 190 கிராமில் முக்கால்வாசிக்கு மேல் இங்கேயே இருக்கிறது. மொட்டை மாடியில் வெயில் விழும் இடத்தில் கறுப்பு டிரம் ஒன்றில் காலையில் தண்ணீர் பிடித்து மூடி வைத்தால் சாயங்காலக் குளியலுக்கு அதுவே போதும். காலையில்தான் வெந்நீர் வேண்டும் என்றால் முழு வாளிக்குப் பதில் நாலைந்து லிட்டரை மட்டும் நன்றாகக் காய்ச்சி விளாவிக்கொள்ளலாம் என்று தோன்றும். அதில் மிச்சம் எதுவும் வராது. வாளியின் கடைசிச் சூடு ஒன்றுதான் என்பதால் கேஸும் அதே அளவு செலவாகும். வாளியின் அளவைக் குறைத்தால் மட்டுமே குறையும்.

இனி சமையல். இதில் மனதில் வைக்க வேண்டிய எண்கள் இரண்டே இரண்டு. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரச் சுமார் 10 கிராம் கேஸ் போதும். அதே ஒரு லிட்டரை முழுக்க ஆவியாக்க 75 கிராம் வேண்டும். கொதிக்க வைப்பதைப் போல ஏழரை மடங்கு. கொதித்துவிட்ட தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடாகாது. தீயை எவ்வளவு கூட்டினாலும் உள்ளே இருக்கும் காய் அதே வேகத்தில்தான் வேகும், ஆவி மட்டும் அதிகமாகப் போகும். பெரிய பர்னர் முழுத் தீயில் மணிக்கு ஏறத்தாழ 180 கிராம் குடிக்கும். கொதி வந்த பிறகும் பத்து நிமிடம் அப்படியே விட்டால் 30 கிராம் காலி. மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்திருக்கக்கூடிய கேஸ் அது. ஆகவே கொதி வந்த நொடியில் சிம்முக்கு மாற்றி மூடி போடுவது ஒன்றுதான் சமையலில் பெரிய மிச்சம். மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

குழம்பில் இது நன்றாகவே தெரியும். தண்ணீரைத் தாராளமாக ஊற்றிவிட்டு, பிறகு 'சுண்டட்டும்' என்று திறந்து போட்டுக் கொதிக்க விடுகிறோம். ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி சுண்டினால் 15 கிராம். புளியைக் கரைக்கும்போதே கெட்டியாகக் கரைத்து, தேவைப்பட்டால் கடைசியில் கொஞ்சம் வெந்நீர் சேர்த்துக்கொள்வது நல்லது. வத்தக்குழம்பு போல எண்ணெய் பிரியச் சுண்ட வேண்டியதை மட்டும் சுண்ட விடுங்கள். அதன் ருசியே அதில்தான் இருக்கிறது. ரசம் நுரை கூடியதும் இறக்க வேண்டியது. கீரைக்குக் கழுவிய ஈரமே பெரும்பாலும் போதும். இட்லிப் பானையில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் போதும்; ஆவி வர ஆரம்பித்ததும் தீயைப் பாதியாக்கினாலும் 10 முதல் 12 நிமிடத்தில் இட்லி வெந்துவிடும்.

குக்கரில் இதே கணக்குதான், வேறு வடிவத்தில். வெயிட் போட்ட குக்கருக்குள் சூடு 120 டிகிரியை ஒட்டி நிற்கும். முதல் விசில் வந்தது என்றால் அந்தச் சூடு வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் அடிக்கிற ஒவ்வொரு விசிலும் வெளியே போகிற ஆவி. 'பருப்புக்கு அஞ்சு விசில்' என்று எண்ணுவதை விட்டுவிட்டு நிமிடக் கணக்குக்கு வாருங்கள். அரைமணி நேரம் ஊறிய துவரம்பருப்பு முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் 5 அல்லது 6 நிமிடம். இரவு முழுக்க ஊறிய கொண்டைக்கடலை 12 முதல் 15 நிமிடம். பிறகு அணைத்துவிட்டு, பிரஷர் தானாக இறங்கும்வரை விடுங்கள். அந்தப் பத்து நிமிடமும் உள்ளே வெந்துகொண்டுதான் இருக்கும். வெயிட்டைத் தூக்கி ஆவியை விடுவதும், மூடியில் குழாய்த் தண்ணீரைப் பிடிப்பதும் காசு கொடுத்து வாங்கிய சூட்டைக் கொட்டுவதுதான்.

சிம் சரியாக இருக்கிறதா என்று வெயிட்டே சொல்லும். மெல்லிய 'உஸ்' சத்தம் விட்டுவிட்டு வர வேண்டும். ஒரு சத்தமும் இல்லை என்றால் பிரஷர் இறங்கிவிட்டது, கொஞ்சம் கூட்டுங்கள். அடிக்கடி விசில் அடித்தால் தீ இன்னும் அதிகம். சின்ன பர்னருக்கு மாற்றுங்கள். விசிலே வராமல் மூடியின் விளிம்பைச் சுற்றி ஆவி கசிந்து தண்ணீர் சொட்டினால் கேஸ்கட் தளர்ந்திருக்கிறது. அதை ஃப்ரீசரில் பத்து நிமிடம் வைத்துப் போட்டால் அன்றைய சமையல் நடந்துவிடும், ஆனால் மறுநாள் புதிது வாங்கிவிடுங்கள். தளர்ந்த கேஸ்கட்டோடு ஒரு மாதம் ஓட்டினால் அதன் விலையைவிட அதிகமான கேஸ் போய்விடும். மூடியில் வெயிட் உட்காரும் குழாயை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். துளை அடைத்திருந்தால் அது ஆபத்து.

பருப்பு எவ்வளவு நேரமானாலும் வேகவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் தண்ணீர். போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகமிருந்தால் பருப்பின் தோலும் சதையும் இறுகிவிடும். குடிக்கிற தண்ணீரிலோ மழைநீரிலோ போட்டுப் பாருங்கள், வித்தியாசம் அன்றைக்கே தெரியும். புளி, தக்காளியைப் பருப்பு மலர்ந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். புளிப்பு முன்னாலேயே சேர்ந்தால் வேகும் நேரம் கூடிவிடும். சோடா உப்பு போட்டால் சீக்கிரம் வேகும், ஆனால் பி1 வைட்டமின் அழிந்துவிடும். அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஐந்து லிட்டர் குக்கரில் அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர், கீழ் அடுக்கில் பருப்பு, மேல் அடுக்கில் அரிசி, அதன் மேல் தட்டில் உருளைக்கிழங்கோ பீட்ரூட்டோ. மூன்று வேலை ஒரே தீயில் முடியும். அடுக்கை மாற்றி வைக்காதீர்கள். சூடு அதிகம் வேண்டியது பருப்புக்கு. கடலை வகைகளை இதில் சேர்க்க முடியாது, அதற்குள் அரிசி குழைந்துவிடும்.

வடித்த சோறுதான் வேண்டும் என்கிற வீடுகளும் நிறைய. 400 கிராம் அரிசிக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் வைத்து, கொதிக்க வைத்து, அரைமணி நேரம் எரித்து, கடைசியில் அந்தச் சூட்டையெல்லாம் கஞ்சியோடு வடித்துவிடுகிறோம். இதற்குத் தெர்மல் குக்கர், அதாவது சூடு வெளியேறாத வெளிப் பெட்டியும் அதற்குள் வைக்கும் பாத்திரமும் கொண்டது, சரியான கருவி. உள் பாத்திரத்தில் தண்ணீர் கொதித்ததும் அரிசியைப் போட்டு, மறுபடி கொதி வந்த பிறகு 5 முதல் 10 நிமிடம் எரித்து, மூடியோடு தூக்கி வெளிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட வேண்டும். பச்சரிசி 20 நிமிடத்தில் பதமாகும்; புழுங்கலரிசிக்கு 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். உங்கள் வீட்டு அரிசிக்கு எவ்வளவு என்பது இரண்டு மூன்று தடவையில் பிடிபடும். அரிசி விறைப்பாக நின்றுவிட்டால் காரணம் இரண்டில் ஒன்று: பெரிய பாத்திரத்தில் குறைவாக வைத்தது, அல்லது நடுவில் திறந்து பார்த்தது. பாத்திரம் முக்கால்வாசியாவது நிறைந்திருந்தால்தான் சூடு நிற்கும். மறந்துபோய் நெடுநேரம் விட்டால் குழைந்துவிடும். தெர்மல் குக்கர் வாங்காமலே, கொதிக்கும் பாத்திரத்தைக் கெட்டிப் போர்வையில் சுற்றி அட்டைப் பெட்டிக்குள் வைத்தும் செய்யலாம். பாத்திரத்தின் வெளியே கரியோ ஈரமோ இருக்கக் கூடாது.

பர்னரைப் பற்றி ஒரு வார்த்தை. தீ நீலமாக, ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். நுனி மஞ்சளாக ஆடினால், பாத்திரத்தின் அடி கறுத்தால், காற்று போதாமல் கேஸ் அரைகுறையாக எரிகிறது. அடுப்பு நன்றாக ஆறிய பிறகு பித்தளைத் தலையைக் கழற்றி, வெந்நீரில் புளியோ எலுமிச்சைத் தோலோ போட்டு அரைமணி ஊறவைத்து, ஊக்கால் ஒவ்வொரு துளையையும் குத்தி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் தீ படபடக்கும். குழிக்குள் சரியாக உட்காராவிட்டால் ஒரு பக்கம் மட்டும் எரியும். ஆனால் அடியில் கேஸ் வந்து விழும் சின்ன ஜெட் துளையில் ஊக்கை விடாதீர்கள். பித்தளை மெத்தென்றிருப்பதால் துளை பெரிதாகிவிடும். பிறகு எப்போதும் கூடுதல் கேஸ், எப்போதும் மஞ்சள் தீதான். அது மெக்கானிக் வேலை. பாத்திரத்தாங்கி உடைந்து வேறு அடுப்பின் தாங்கியை மாற்றிப் போட்டிருந்தால் உயரத்தைக் கவனியுங்கள். உயரம் கூடினால் சூடு பக்கவாட்டில் போகும், குறைந்தால் தீயின் நுனி நசுங்கிக் கரி பிடிக்கும். தீ பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டக் கூடாது. பால் கிண்ணத்தைப் பெரிய பர்னரில் வைப்பதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு.

பர்னர் மேல் வைக்கிற 'கேஸ் சேவர்' வலைத் தட்டுகள் வாங்க வேண்டாம். தீயின் காற்றோட்டத்தைக் கெடுத்து, தட்டையும் சேர்த்துச் சூடாக்க வைக்கின்றன. சிலிண்டர் தீரும் நேரத்தில் படுக்க வைப்பது, வெந்நீரில் நிறுத்துவது இரண்டும் ஆபத்து; படுக்க வைத்தால் கேஸ் திரவமாகவே ரெகுலேட்டருக்குள் வரும். எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டுமானால் சிலிண்டரை ஈரத்துணியால் மேலிருந்து கீழ்வரை துடையுங்கள். மேல்பகுதி சீக்கிரம் காயும், திரவம் இருக்கும் மட்டத்துக்குக் கீழே ஈரம் சற்று நேரம் நிற்கும்.

கடைசியாக, இண்டக்ஷன் அடுப்பு லாபமா? ஒரு சிலிண்டர் பாத்திரத்துக்குள் சேர்க்கும் சூட்டை இண்டக்ஷனில் பெற ஏறக்குறைய 140 யூனிட் ஆகும். உங்கள் ஊர் சிலிண்டர் விலையை 140ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 900 ரூபாய் என்றால் 6 ரூபாய் 40 காசு. உங்கள் மின்கட்டணத்தில் கடைசியாக விழும் யூனிட் விலை அதைவிடக் குறைவாக இருந்தால் இண்டக்ஷன் லாபம், இல்லையென்றால் கேஸே லாபம். தமிழ்நாட்டில் இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் அடுத்து வரும் யூனிட்டுகளின் விலை 8 ரூபாய்க்கு மேல், கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் குறைந்துவிடும். பால், டீ, சாதம் மட்டும் இண்டக்ஷனில் வைத்தாலே இரண்டு மாதத்தில் 60 முதல் 90 யூனிட் கூடும். ஆகவே ஏற்கெனவே 450 யூனிட் ஓடுகிற வீட்டில், குறிப்பாக ஏசி ஓடும் ஏப்ரல், மே மாதங்களில், அதை அலமாரியில் வைத்துவிட்டுக் கேஸிலேயே சமையுங்கள். மழைக்காலத்தில் ரீடிங் 300க்குள் நிற்கும்போது எடுத்துக்கொள்ளலாம்.