டிரம்மை மாற்றும் முன் வீலைக் கழற்றச் சொல்லுங்கள்

கேள்வி: என் 110 சிசி பைக் வாங்கி 6 வருடம் ஆகிறது. பின் பிரேக்கை மிதித்தால் கிறீச்சென்று சத்தம் வருகிறது. பெடலும் ஆழமாகப் போகிறது. டிரம் போய்விட்டது, வீலின் நடுவில் உள்ள ஹப்போடு மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வீலைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாரா? கழற்றாமல் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். முதலில் தேய்வது, டிரம்மின் உள்சுவரை அழுத்திப் பிடிக்கும் ஷூதான்; டிரம் வார்ப்பிரும்பு, சீக்கிரம் தேயாது.

ஒருவரைப் பெடலை முழுதாக மிதிக்கச் சொல்லிவிட்டு வீல் பக்கம் குனிந்து பாருங்கள். பெடல் கம்பி இழுக்கிற நெம்புகோல்தான் பிரேக் ஆர்ம்; அதன் அடியில் சின்ன அம்புக்குறி இருக்கும். அது பேனலில் (டிரம்மை மூடும் தட்டில்) உள்ள கோட்டைத் தொட்டால் ஷூ தீர்ந்துவிட்டது. ஷூ மேல் ஒட்டியிருக்கும் லைனிங் 2 மி.மீ.க்குக் கீழே போனாலும் மாற்ற வேண்டியதுதான்.

இங்கேதான் ஏமாற்று வேலை நடக்கிறது. பெடலைச் சரிசெய்யும் நட்டை இனி முறுக்க இடமில்லை என்றதும், சிலர் ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவார்கள். பெடல் மேலே வந்துவிடும், உங்களுக்கும் திருப்தி. ஆனால் உள்ளே தேய்ந்த ஷூ அப்படியே இருக்கும். ஷூவை விரிக்கிற கேம் அளவுக்கு மேல் திரும்பி ஒரு நாள் சிக்கிக்கொண்டால் ஓடுகிற வீல் பூட்டிக்கொள்ளும். உயிர் போகிற விஷயம் இது. ஆர்மில் புது ஸ்பேனர் தடம் தெரிந்தால் கேளுங்கள்.

டிரம்மின் உள்விட்டத்தை வெர்னியர் அளவுகோல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் 130 மி.மீ. டிரம்முக்கு 131 தான் எல்லை. அதைத் தாண்டினால் மாற்றுங்கள்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. மழையில் நின்ற வண்டி, வாட்டர் வாஷ் செய்த வண்டி காலையில் கத்தும். டிரம்மின் உள்ளே படிந்த லேசான துரு அது. மெதுவாக ஓட்டி நாலைந்து முறை பிரேக் பிடித்தால் சத்தம் அடங்கிவிடும். அடங்கினால் எதையும் மாற்ற வேண்டாம், கழற்றவும் வேண்டாம். உங்கள் சத்தம் நாள் முழுக்க வந்தால்தான் இது பொருந்தாது. சத்தத்துக்காக ஆயில் மட்டும் விட்டுவிடாதீர்கள், பிரேக்கே பிடிக்காது.

இலவச சர்வீஸ் ஜாப் கார்டில் "பிரேக் கிளீன்" என்று டிக் இருக்கும். வீல் நட்டில் படிந்த சேறு அப்படியே இருக்கும். எத்தனை வண்டிகளில் பார்த்திருக்கிறேன்! இதையெல்லாம் யார் கேட்பது? உங்கள் எதிரில் கழற்றச் சொல்லுங்கள். தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதவிடாதீர்கள், பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

ஷூ மாற்றினால் பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் பெடலுக்கு 2 முதல் 3 செ.மீ. விளையாட்டு (பிரேக் பிடிக்கும் முன் சும்மா இறங்கும் தூரம்) வைத்து, சென்டர் ஸ்டாண்டு போட்டு வீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். உரசாமல் சுற்ற வேண்டும்.