வலிப்பு மாத்திரையை எனக்கு ஏன் எழுதினார்கள்?

மருந்து கேள்வி-பதில் பகுதி. பதில் சொல்பவர் அரசு மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர்.

எனக்கு 62 வயது, நெடுநாள் சர்க்கரை நோயாளி. ராத்திரியானால் இரண்டு பாதமும் காந்துகிறது, போர்வை பட்டாலே சுரீர் என்கிறது. டாக்டர் பிரீகாபலின் 75 மி.கி. எழுதினார். என் மகன் செல்போனில் தேடிவிட்டு "இது வலிப்புக்குக் கொடுக்கிற மாத்திரை" என்கிறான். ஒரு வாரம் போட்டும் எரிச்சல் குறையவில்லை, தலைதான் சுற்றுகிறது. பேசாமல் ஒரு வலி மாத்திரையே போட்டுக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி, கோவில்பட்டி

மகன் சொன்னது தப்பில்லை அம்மா. ஆனால் அது பாதிதான்.

டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைகள் எங்கே வேலை செய்கின்றன என்று முதலில் பார்ப்போம். கால் சுளுக்கினாலோ அடிபட்டாலோ அந்த இடத்தில் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் ஊறும். அது நரம்பு நுனியைச் சீண்டும், நமக்கு வலிக்கும். மாத்திரை அந்தப் பொருள் ஊறுவதைத் தடுக்கிறது. உங்கள் பாதத்தில் அடியும் இல்லை, வீக்கமும் இல்லை. கெட்டுப்போனது சேதி கொண்டுபோகிற நரம்பேதான். உடம்பிலேயே மிக நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை, சர்க்கரை முதலில் அவற்றைத்தான் பிடிக்கும். கெட்டுப்போன நரம்பு, யாரும் தொடாதபோதும் தானாகவே 'எரிகிறது, எரிகிறது' என்று அனுப்பிக்கொண்டிருக்கும். அங்கே டைக்ளோஃபினாக்குக்குப் பெரிதாக வேலை கிடையாது. சர்க்கரைக்காரர்கள் அதைத் தினமும் விழுங்கினால் சிறுநீரகம் கெடுவதுதான் மிச்சம்.

பிரீகாபலின் பாதத்துக்கே போவதில்லை என்றுகூடச் சொல்லலாம். அதன் முக்கிய வேலை முதுகுத்தண்டில். பாதத்திலிருந்து வரும் நரம்பு அங்கே முடிந்து, அடுத்த நரம்புக்குச் சேதியைக் கைமாற்றுகிறது. கைமாற்ற வேண்டுமானால் நரம்பு நுனிக்குள் கால்சியம் நுழைய வேண்டும். நுழைந்ததும் சேதியைக் கொண்டுபோகிற குளூட்டமேட் போன்ற ரசாயனங்கள் வெளியே வரும். கால்சியம் நுழைகிற வாசலை ஒட்டி ஆல்ஃபா-2-டெல்டா என்று ஒரு புரதம் உண்டு. கெட்டுப்போன நரம்பு இந்தப் புரதத்தை வழக்கத்தைவிட அதிகமாக உண்டாக்கி நுனிக்கு அனுப்புகிறது. அதனால் வாசல்கள் பெருகி, சின்னச் சேதியும் பெரிதாகப் போய்ச் சேரும். கோயில் கொடைக்குக் கட்டிய ஒலிபெருக்கியில் யாரோ சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டுப் போன மாதிரி. பிரீகாபலின் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு சத்தத்தைக் குறைக்கிறது. நரம்பை அது குணப்படுத்துவதில்லை. அதற்குச் சர்க்கரையைத்தான் கட்டுக்குள் வைக்க வேண்டும். வலிப்பிலும் மூளை நரம்புகள் இப்படித்தான் அளவுக்கு மீறிப் படபடக்கின்றன, அதனால்தான் ஒரே மருந்து இரண்டுக்கும் ஆகிறது.

இதன் அண்ணன் காபாபென்டின் கதை வேடிக்கையானது. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்தின் சாயலில் செய்தார்கள். 1993-இல் அமெரிக்காவில் வலிப்புக்கு அனுமதியும் கிடைத்தது. பார்த்தால், காபா வேலை செய்கிற இடத்தை அது தொடுவதே இல்லை, ஒட்டிக்கொள்வது இந்தக் கால்சியம் வாசலில். நான் வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

இப்போது உங்கள் ஒரு வாரத்துக்கு வருகிறேன். வெறும் வயிற்றில் போட்டால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மருந்து ரத்தத்தில் உச்சத்துக்கு வந்துவிடும். சாப்பாட்டோடு போட்டால் மூன்று மணி நேரம் ஆகும், சேரும் அளவு ஏறக்குறைய அதேதான். சுமார் ஆறு மணி நேரத்தில் பாதி வெளியேறிவிடும். ஆனால் வலி அடங்குவது அந்தக் கணக்கில் நடக்காது. சிலருக்குச் சீக்கிரம் தெரியும், பலருக்கு அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சில வாரம் பார்க்க வேண்டியிருக்கும். 75 என்பது ஆரம்பம்தான்.

சாயங்காலங்களில் நண்பரின் மருந்துக்கடையில் உட்காருவேன். மறுபடி வாங்க வருகிறவர்களின் அட்டையைத் திருப்பிப் பார்ப்பது என் வழக்கம். பத்தில் நாலு மட்டும் உடைந்திருக்கும், அதுவும் அங்கொன்று இங்கொன்றாக. கேட்டால், "எரிஞ்ச அன்னைக்கு மட்டும் போட்டேன் சார், இது கேக்கலை" என்பார்கள். தலைவலி மாத்திரை மாதிரி போட்டால் இது கேட்காது. டாக்டர் சொன்னபடி தினமும் போட வேண்டும்.

தலைச்சுற்றல் ஆரம்பத்தில் வருவதுதான், பெரும்பாலும் பழகிவிடும். ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு நில்லுங்கள். கணுக்கால் வீங்கினாலோ எடை கூடினாலோ டாக்டரிடம் சொல்லுங்கள், சர்க்கரைக்குப் பயோகிளிட்டசோன் போடுகிறவர்களானால் கட்டாயம் சொல்ல வேண்டும். இன்னொன்று: இந்த மருந்தைக் கல்லீரல் சீண்டுவதே இல்லை, அப்படியே சிறுநீரில் போகிறது. சிறுநீரகம் மந்தமாக இருந்தால் உடம்பிலேயே தங்கித் தலைச்சுற்றல் கூடும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்து எத்தனை நாளாயிற்று?

எல்லோருக்கும் இது கேட்கும் என்று சொல்ல மாட்டேன். 2015-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையால் கிடைப்பதற்கு மேலாக ஒருவருக்கு வலி பாதியாகக் குறைய, ஏழெட்டுப் பேர் இதைச் சாப்பிட வேண்டியிருந்தது. நியாயமான அளவில் சில வாரம் போட்டும் பலனில்லை என்றால் மாற்று மருந்து கேட்பதில் தவறே இல்லை.

அக்கி ஆறியும் விலாவில் வலி போகவில்லை. அமிட்ரிப்டிலின் 10 மி.கி. கொடுத்தார்கள். மனநோய் மாத்திரை என்று கடையில் சொன்னதிலிருந்து என் மனைவி பயந்துபோயிருக்கிறாள். எனக்கு வயது 70.
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

கடைக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். 1961 முதல் மனச்சோர்வுக்குக் கொடுத்துவருகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அதற்கு 75 மில்லிகிராம், அதற்கு மேலும் தேவைப்படும். உங்களுக்கு எழுதியது பத்து. மூளையிலிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்கி வந்து வலியை அடக்குகிற நரம்புப் பாதை ஒன்று உண்டு. அது நார்அட்ரினலின், செரோட்டோனின் இரண்டையும் சுரந்து வேலை செய்கிறது. சுரந்ததை நரம்பு உடனே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இந்த மாத்திரை உறிஞ்ச விடாமல் தடுப்பதால் அடக்கும் சக்தி நீடிக்கிறது. மனம் தெளிவாக இருப்பவருக்கும் வலி குறையும். உங்கள் மனைவியிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஆனால் 70 வயதில் நான் கவலைப்படுவது வேறு. வாய் வறளும், மலம் இறுகும். புராஸ்டேட் வீக்கம் இருந்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். ஒன்றுக்குச் சரியாகப் போகவில்லை என்பதை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். கண் அழுத்தமோ இதயத் துடிப்புக் கோளாறோ இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காபாபென்டின் கால்சியத்தைத் தடுக்கிறதாமே, என் எலும்பு என்னாவது?
– ஒரு வாசகி, ஈரோடு

அது தடுப்பது நரம்பு நுனியின் வாசலைத்தான். ரத்தத்திலும் எலும்பிலும் இருக்கும் கால்சியத்தைப் பிடுங்குவதில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற அலுமினியம், மெக்னீசியம் கலந்த ஜெல்லை. சேர்த்துக் குடித்தால் மருந்து குறைவாக ஏறும். அதைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து மாத்திரை போடுங்கள். அப்புறம், நீங்களாக அளவைக் கூட்டவும் வேண்டாம். குடலில் இந்த மருந்தை ஏற்றிச் செல்லும் புரதங்களுக்கு ஓர் எல்லை உண்டு. நாளைக்கு 900 மி.கி. போட்டால் சுமார் 60 சதவீதம் உள்ளே போகும்; 3600 போட்டால் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். இந்தச் சிக்கல் பிரீகாபலினில் இல்லை.

பிரீகாபலினோடு மீதைல்கோபாலமின் சேர்ந்த கேப்சூல் போட்டு எரிச்சல் நின்றுவிட்டது. ஊருக்குப் போனபோது எடுத்துப்போக மறந்துவிட்டேன். இரண்டு நாள் தூக்கமே இல்லை, ஒரே வியர்வை. இனி வைட்டமின் மட்டும் போட்டால் போதுமா?
– ஒரு வாசகர், சென்னை

தூக்கம் போனதும் வியர்த்ததும் மருந்தைச் சட்டென்று நிறுத்தியதால் இருக்கலாம். நிறுத்துவதானால் டாக்டர் சொல்படி குறைந்தது ஒரு வாரமாவது எடுத்துக்கொண்டு படிப்படியாகக் குறைக்க வேண்டும். வலிப்பு நோயும் உள்ளவர்கள் இன்னும் உஷார்.

மீதைல்கோபாலமின் என்பது பி12. ரத்தத்தில் அது குறைவாக இருந்தால் நிச்சயம் தேவை, குறைவே பாதத்தை எரிய வைக்கும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை வருஷக்கணக்கில் போடுகிறவர்களுக்குக் குறைவது சகஜம், ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பாருங்கள். அளவு சரியாக இருந்தால் வைட்டமினால் மட்டும் வலி அடங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

தூக்கம் வரவில்லையே என்று தூக்க மாத்திரையோ, இரண்டு பெக்கோ, யாரோ கொடுத்த டிரமடால் என்ற வலி மாத்திரையோ இதோடு சேர்த்துவிடாதீர்கள். மூச்சு மந்தமாகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 டிசம்பரில் எச்சரித்தது. வயதானவர்களுக்கும் நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் அந்த ஆபத்து அதிகம்.