துருப்பிடித்த ட்ரக்

கேள்வி: மகனின் ஸ்கேட்போர்டில் ட்ரக்கை (சக்கரங்களைப் பலகையோடு பிணைக்கும் உலோக அச்சை) கழற்றி மாட்டுவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடுகிறது. நட்டெல்லாம் துரு. வழி உண்டா? – வாசகி, பாம்பன்.

பதில்: பாம்பன் காற்றில் துருப்பிடிக்காதது எதுவம்மா! ட்ரக்குக்கு 4 வீதம் 8 போல்ட். எட்டையும் ஒரேயடியாக மாற்றிவிடுங்கள். படகு சாமான் விற்கும் கடையில் 5 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட், தலை பலகையோடு படிகிற மாதிரி, உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டோடு கேளுங்கள். பழைய நட்டைப் புது போல்ட்டில் ஏற்ற வேண்டாம். பழையது பெரும்பாலும் அங்குலக் கணக்கு. ஏறுவதுபோல் ஏறி நடுவில் கடித்துக்கொள்ளும்.

மாட்டும்போது போல்ட் நழுவி விழுவதுதான் பெரிய தொல்லை, இல்லையா? நான்கையும் மேலிருந்து செருகி, தலைகள்மேல் டேப் ஒட்டிவிட்டுப் பலகையைக் கவிழ்த்துப் பாருங்கள், அசையாது. அப்புறம் ட்ரக்கை உட்காரவைத்து, நட்டைக் கையால் பிடிக்கவிட்டு, மூலைக்கு மூலை முறுக்கலாம். இரண்டு ட்ரக்கிலும் நடுவே இருக்கும் பெரிய போல்ட் பலகையின் மையத்தைப் பார்க்கவேண்டும். திருப்பி மாட்டினால் பையன் இடப்பக்கம் சாய, வண்டி வலப்பக்கம் போகும்! அந்த நடு போல்ட்டை மட்டும் இறுக்கித் தள்ளாதீர்கள். அதைச் சுற்றியுள்ள ரப்பர் போன்ற வளையம் (புஷ்) பிதுங்கிக் கிழிந்துவிடும்.

தனுஷ்கோடிப் பக்கம் ஓட்டவிட்டால் ட்ரக்கை விடுங்கள், மணல் புகுந்து பேரிங்தான் முதலில் போகும்.