பூனைக்குப் பச்சைக் கறி: கேள்வியும் பதிலும்

நித்யா: என் பூனைக்கு நாலு வயது, எடை நாலு கிலோ. ட்ரை ஃபுட்டை நிறுத்திவிட்டு ஒரு மாதமாக எலும்பில்லாத கோழிக்கறியை மட்டும் பச்சையாகக் கொடுக்கிறேன். முடி பளபளவென்று ஆகியிருக்கிறது. இப்படியே தொடரலாமா?

பதில்: வேண்டாம் நித்யா. பூனை எலியைப் பிடித்தால் கறியை மட்டும் தின்பதில்லை. எலும்பு, ஈரல், இதயம், மூளை, ரத்தம் எல்லாம் சேர்ந்துதான் உள்ளே போகிறது. எலும்பு நீக்கிய கறியில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் மிகக் கொஞ்சம். கால்சியத்தைப் போல 15 முதல் 20 மடங்கு பாஸ்பரஸ் இருக்கும். பூனைக்கு வேண்டியதோ, பாஸ்பரஸ் 1 பங்கு என்றால் கால்சியம் 1.1 முதல் 1.4 பங்கு.

இந்தக் கணக்கு தப்பினால் உடல் தன் எலும்பையே கரைத்துக் கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் ரத்தப் பரிசோதனையில் கால்சியம் பெரும்பாலும் சரியாகவே காட்டும். அதை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். வளர்ந்த பூனையில் பாதிப்பு வெளியே தெரிய மாதக்கணக்கில் ஆகலாம். குட்டி என்றால் சில வாரங்களிலேயே நொண்டும், தூக்கினால் கத்தும், நாற்காலியிலிருந்து குதித்தாலே கால் முறியும். முடி பளபளப்பது கொழுப்பும் புரதமும் கூடியதால். எலும்பு எப்படி இருக்கிறது என்பதை முடியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஒரு மாதத்தில் வளர்ந்த பூனைக்குப் பெரிய கேடு வந்திருக்க வாய்ப்புக் குறைவு. முழுச்சத்து என்று அச்சிட்ட கேட் ஃபுட்டுக்கு இன்றே திரும்புங்கள். கறியோடு கால்சியமும் மற்றச் சத்துகளும் சேர்ந்த சரியான கலவைக்கு வேண்டிய பொருள் எல்லாம் கையில் வந்த பிறகு மறுபடி ஆரம்பிக்கலாம்.

செந்தில்: அப்படியானால் சரியான கலவை என்ன? கிராம் கணக்கில் சொல்ல முடியுமா சார்?

பதில்: ஆரோக்கியமான, வளர்ந்த பூனைக்கு மட்டும் இது. எலும்பு சேர்க்காத, 1 கிலோ கறிக்கான அளவு:

கோழித் தொடைக்கறி 750 கிராம். அதில் மூன்றில் ஒரு பங்கைத் தோலோடு எடுங்கள். கோழி இதயம் 200 கிராம். ஈரல் 50 கிராம். அதில் பாதி கோழி ஈரல், மீதி ஆட்டீரலோ மாட்டீரலோ. கோழியில் தாமிரம் குறைவு, அதை ஈடுகட்டத்தான் இந்தப் பாதி. முட்டையின் மஞ்சள் கரு 2. தண்ணீர் 120 மில்லி. முட்டை ஓட்டுப் பொடி 6 கிராம். டாரின் (பூனையின் இதயத்துக்கும் கண்ணுக்கும் வேண்டிய அமினோ அமில வகை) 2000 மில்லிகிராம். வைட்டமின் ஈ 200 ஐ.யு. பி-காம்ப்ளெக்ஸ் 50 என்று விற்கும் கேப்சூல் 1. மீன் எண்ணெய் 1000 மில்லிகிராம் கேப்சூல் 3. அயோடின் கலந்த உப்பு 2 கிராம். மாங்கனீசு 3 மில்லிகிராம்.

பி-காம்ப்ளெக்ஸ் வாங்கும்போது இனிப்பூட்டியோ மூலிகையோ கலக்காததாகப் பாருங்கள். மீன் எண்ணெய் என்றால் மீன் எண்ணெய்தான், மீன் ஈரல் எண்ணெய் வேண்டாம். ஏற்கெனவே ஈரல் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் வைட்டமின் ஏ எகிறிவிடும். "என் பூனைக்கு ஈரல்தான் உயிர்" என்று தினமும் ஈரலாகவே போட்டு, கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, தலையைத் திருப்ப முடியாமல் போகும் பூனைகள் உண்டு. அந்த ஒட்டல் பிரியாது. ஈரல் 5 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்.

செய்முறை எளிது. கறியில் பாதியை அரைத்துக்கொள்ளுங்கள், மீதியைச் சுண்டுவிரல் நுனி அளவுக்கு வெட்டுங்கள், மென்று தின்னட்டும். பொடிகள், கேப்சூல்கள், மஞ்சள் கரு எல்லாவற்றையும் முதலில் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, அந்தக் கரைசலைக் கறியில் ஊற்றிப் பிசையுங்கள். நேராகக் கறியில் தூவினால் ஒரு மூலையில் கட்டியாக நிற்கும். ஒரு நாள் சாப்பாட்டில் மூன்று நாள் சத்து, மறுநாள் ஒன்றுமே இல்லை என்று ஆகும். 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 130 முதல் 150 கிராம், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. ஆக இது ஒரு வாரத்துக்குச் சற்று மேல் வரும்.

சமையலறைத் தராசு இல்லாமல் இதில் இறங்காதீர்கள். கண்ணளவு, கையளவு இங்கே செல்லாது. நீண்ட காலம் கொடுப்பதாக இருந்தால், இந்தப் பட்டியலை விலங்கு உணவியல் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டி, உங்கள் பூனைக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளுங்கள்.

பாத்திமா: முட்டை ஓட்டை எப்படிப் பொடிப்பது? அதற்குப் பதில் எலும்போடு அரைக்கலாமா?

பதில்: ஓட்டைக் கழுவி 10 நிமிடம் கொதிக்க வையுங்கள். வடித்து, ஓவனில் 150 டிகிரியில் 15 நிமிடம் உலர்த்தி, ஆறியதும் மிக்ஸியில் அரைத்துச் சலியுங்கள். இரு விரலுக்கு நடுவே தேய்த்தால் மைதா போல இருக்க வேண்டும். நறநறவென்றால் திரும்ப அரையுங்கள். பெருந்துகள் அப்படியே மலத்தோடு போய்விடும். 1 கிராம் பொடியில் ஏறக்குறைய 380 மில்லிகிராம் கால்சியம் உண்டு. ஈரம் படாத டப்பாவில் வையுங்கள்.

எலும்போடு அரைப்பதும் நல்ல வழிதான். அப்படிச் செய்தால் ஓட்டுப் பொடியைச் சேர்க்கக் கூடாது. மொத்தத்தில் எலும்பு 10 சதவீதம் இருந்தால் போதும். கழுத்து, இறக்கை போன்ற மெல்லிய எலும்புகள்தான் ஆகும்; ஆடு மாட்டின் கால் எலும்பு பூனையின் பல்லை உடைக்கும். வெந்த எலும்பை எந்த உருவிலும் கொடுக்காதீர்கள், கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். பச்சை எலும்பாக இருந்தாலும் முழுதாகப் போட எனக்குச் சம்மதமில்லை. அவசரமாக விழுங்கும் பூனைக்கு உணவுக்குழாயில் சிக்கும். அரைத்துக் கொடுங்கள்.

ராஜேஷ்: இதயத்தில் டாரின் நிறைய இருக்கிறதாமே. அதைப் போட்ட பிறகும் தனியாக டாரின் ஏன்?

பதில்: டாரின் இல்லாவிட்டால் பூனைக்கு இதயத்தசை மெலிந்து பலூனாக வீங்கும், விழித்திரை கெட்டுப் பார்வை போகும். 1987-க்கு முன் கடையில் விற்ற கேட் ஃபுட்டைத் தின்ற பூனைகளே இந்த இதய நோயில் செத்துக்கொண்டிருந்தன. காரணம் டாரின் குறைவுதான் என்று அந்த ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. பிறகு உணவில் அதைக் கூட்டினார்கள், அந்த நோயும் அரிதாகிவிட்டது.

டாரின் தண்ணீரில் கரையும். கறியை வெட்டி, அரைத்து, உறைய வைத்து, உருக்கும்போது வடிகிற சிவப்பு நீரோடு ஒரு பகுதி போய்விடுகிறது. எந்தக் கறியில் எவ்வளவு மிஞ்சியது என்று வீட்டில் அளக்க வழியில்லை. கூடுதலாகப் போன டாரின் சிறுநீரில் வெளியேறிவிடும், கெடுதல் இல்லை. குறைந்தால்தான் ஆபத்து. ஆகவே தனியாகச் சேர்த்தே ஆக வேண்டும். உருகி வடிந்த நீரையும் கொட்டாமல் தட்டிலேயே ஊற்றுங்கள்.

கவிதா: ஃப்ரீசரில் வைத்தால் கிருமியெல்லாம் செத்துவிடும் என்கிறார்களே?

பதில்: இதை நம்பித்தான் பலர் துணிகிறார்கள். ஒட்டுண்ணி வேறு, பாக்டீரியா வேறு. மைனஸ் 18 டிகிரியில் நடுப்பகுதி வரை உறைந்து ஒரு வாரம் இருந்தால் கறியில் உள்ள டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் கூடுகள் பெரும்பாலும் அழிந்துவிடும். சால்மொனெல்லா, லிஸ்டீரியா, ஈ.கோலை ஆகிய பாக்டீரியாக்கள் சாகாது; உருகியதும் விட்ட இடத்திலிருந்து பெருகும். பறவைக் காய்ச்சல் வைரஸும் உறைநிலையில் பிழைத்திருக்கும். 2024 கடைசியில் அமெரிக்காவில் உறைய வைத்த பச்சைக் கோழியின உணவைத் தின்ற வீட்டுப்பூனை எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் தொற்றி இறந்தது. வெளியே போகாத பூனை அது. உங்கள் பகுதியில் பறவைக் காய்ச்சல் செய்தி இருக்கும்வரை பச்சைக் கோழி, வாத்து, வான்கோழி எதுவும் வேண்டாம். பச்சைப் பன்றிக்கறி எப்போதுமே வேண்டாம். பன்றியிடமிருந்து பரவும் ஔஜெஸ்கி என்ற வைரஸ் நோய் பூனைக்கு வந்தால் பிழைக்காது.

அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012 முதலே நாய் பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுப்பதை ஊக்குவிப்பதில்லை. காரணம் பூனைக்கு வரும் நோய் மட்டுமல்ல. பூனை நன்றாகவே இருக்கும், ஆனால் அதன் மலத்திலும் எச்சிலிலும் சால்மொனெல்லா வரும். அது உங்கள் கையைத்தான் நக்கும்.

கொடுப்பது என்று முடிவெடுத்தால்: கறியைக் குழாயடியில் கழுவாதீர்கள், தெறிக்கும் துளிதான் சமையலறை முழுக்கக் கிருமியைப் பரப்பும். தனிப் பலகை, தனிக் கத்தி. ஒரு நாள் பங்காகப் பொட்டலம் போட்டு உறைய வையுங்கள். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் உருக்குங்கள், மேடையில் வைத்து உருக்கக் கூடாது. உருகியதை 4 டிகிரிக்குக் கீழே வைத்து இரண்டு நாளில் முடியுங்கள். தட்டில் அரை மணிக்கு மேல் கிடந்தால் குப்பைக்கு. தட்டை ஒவ்வொரு வேளையும் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவுங்கள்.

ஷாலினி: வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. அம்மாவுக்கு கீமோ நடக்கிறது. பூனைக்குப் பச்சைக் கறி பழகிவிட்டது. என்ன செய்வது?

பதில்: ஷாலினி, இன்றோடு பச்சையை நிறுத்திவிடுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், நோய் எதிர்ப்பு குறைந்தவர் இருக்கும் வீட்டில் இதற்கு இடமில்லை. எவ்வளவு சுத்தம் பார்த்தாலும் பூனையின் வாயையும் பாதத்தையும் கட்டுப்படுத்த முடியாது.

கலவையை விட வேண்டியதில்லை. கறி, இதயம், ஈரல் மூன்றையும் பச்சையாக எடை போட்டு, மூடிய பாத்திரத்தில் மெல்லிய தீயில் நடுப்பகுதி 74 டிகிரி எட்டும்வரை வேக வையுங்கள். மஞ்சள் கருவையும் கடைசியில் அதிலேயே விட்டுக் கெட்டியாகட்டும். ஊறிவந்த சாற்றை ஒரு துளி விடாமல் சேர்த்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஓட்டுப் பொடி, டாரின், வைட்டமின்களைக் கலக்குங்கள். சூட்டோடு போட்டால் பி வைட்டமின்கள், குறிப்பாகத் தயமின், வீணாகும். எலும்பு மட்டும் கூடாது. வெறும் கறியாகத் தின்று பழகிய பூனை இதை இரண்டு மூன்று நாளில் ஏற்றுக்கொள்ளும்.

பச்சையில் மட்டுமே கிடைத்து, வெந்ததில் கிடைக்காத சத்து என்று பூனைக்கு ஒன்றும் இல்லை. ட்ரை ஃபுட்டில் பத்து சதவீதம்கூட இல்லாத ஈரம், கூடுதல் புரதம், குறைந்த மாவு என்று எதற்காக நாம் பச்சையை நாடுகிறோமோ அவை எல்லாம் இதிலும் உண்டு. ஆபத்தில்லாத வீடாக இருந்தாலும் என் சிபாரிசு இந்த வெந்த கலவைதான்.

அருண்: மீன்?

பதில்: பச்சையாக வேண்டாம். பல மீன்களில் தயமினைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. தயமின் இறங்கினால் பூனை தலையை மார்புக்குள் குனித்துக்கொண்டு தள்ளாடும், கண்மணி விரியும், வலிப்பு வரும். அன்றே ஊசி போட்டால் தேறும், தாமதித்தால் இல்லை. வேகவைத்தால் நொதி அழிந்துவிடும்; வாரத்துக்கு ஒரு வேளை, முள் நீக்கி, சிறிய மீனாகக் கொடுங்கள்.

மேரி: பத்து வயதுப் பூனை. ட்ரை ஃபுட்டைத் தவிர எதையும் மோந்துகூடப் பார்ப்பதில்லை. பட்டினி போட்டால் தானாகத் தின்னும் என்று சொல்கிறார்கள்.

பதில்: மேரி அம்மா, அதைச் செய்யவே செய்யாதீர்கள். நாய்க்குச் சொல்வதைப் பூனைக்குச் சொல்கிறார்கள். பூனை இரண்டு மூன்று நாள் தின்னாமல் இருந்தால் உடல் கொழுப்பு ஈரலில் வந்து குவிந்து ஈரலே செயலிழக்கும். குண்டுப் பூனைக்கு அபாயம் இன்னும் அதிகம். ஒரு முழு நாள் எதையும் தொடவில்லையென்றால் மருத்துவரிடம் போங்கள்.

முதல் வேலை, எந்நேரமும் தட்டு நிரம்பியிருப்பதை நிறுத்தி, ட்ரை ஃபுட்டை வேளைக்கு வேளை வைத்து எடுப்பது. வேளை பழகியதும் ஈரமான டின் உணவு. அதைத் தின்றால் பாதி வேலை முடிந்தது. பிறகு அதில் நம் கலவையை அரை டீஸ்பூன் ஒளித்து, மூன்று நாளுக்கு ஒருமுறை கூட்டுங்கள். இளம்பூனைக்குப் பத்துப் பதினைந்து நாள் போதும், உங்கள் பூனைக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். ஃப்ரிட்ஜ் குளிரோடு வைத்தால் மணம் வராது. பொட்டலத்தை வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் மிதக்க விட்டு உடனே வையுங்கள். ட்ரை ஃபுட்டை நொறுக்கி மேலே தூவுவதும் பலிக்கும்.

பத்து வயது என்பதால், மாற்றும் முன் சிறுநீரகப் பரிசோதனை ஒன்று பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் பழுதான பூனைக்குப் பாஸ்பரஸைக் குறைக்க வேண்டும், அதற்குக் கலவையே வேறு.

இம்ரான்: மூன்று மாதக் குட்டிக்கு இதே கலவை சரிதானா?

பதில்: இல்லை. குட்டிக்குக் கால்சியமும் கலோரியும் வேறு அளவு, தவற்றைத் தாங்கும் அவகாசமும் கிடையாது. ஒரு வயது வரை குட்டிகளுக்கான முழுச்சத்து உணவையே கொடுங்கள். பச்சைக் கறியோ வெந்த கறியோ ருசிக்காக என்றால் நாளின் கலோரியில் 10 சதவீதத்துக்குள் நிற்கட்டும். வளர்ந்த பூனைக்கும் அந்த வரம்புக்குள் தனியாக எதுவும் சேர்க்கத் தேவையில்லை.

சுதா: கலவை ஆரம்பித்து ஆறு வாரம். மலம் சில நாள் வெள்ளையாகச் சுண்ணாம்புக்கட்டி மாதிரி, சில நாள் தளதளவென்று. எதில் தவறு? மருத்துவரிடம் என்ன பரிசோதனை கேட்க வேண்டும்?

பதில்: வெள்ளையாக, காய்ந்து, உதிர்ந்தால் எலும்போ ஓட்டுப் பொடியோ அதிகம். கறுத்துத் தளர்ந்தால் ஈரல் அல்லது கொழுப்பு அதிகம். இரண்டும் மாறி மாறி வருகிறது என்றால் அளவில் குற்றமில்லை, கலப்பில் குற்றம்; பொடியை நீரில் கரைத்துப் பிசையாமல் விட்டிருப்பீர்கள். மலம் சிறியதாக, ஓரிரு நாளுக்கு ஒருமுறை வருவது இந்த உணவில் இயல்புதான். மூன்று நாள் வராமல் முக்கினாலோ, ரத்தமோ சளியோ காய்ச்சலோ இருந்தாலோ, உணவு பச்சை என்பதை முதல் வாக்கியத்திலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். மலத்தைச் சால்மொனெல்லாவுக்குச் சோதிக்க வேண்டியிருக்கும்.

சாதாரணமாக இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் சிறுநீரும். டாரின் அளவை முழு ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள், பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) அளவு முந்தைய வேளை சாப்பாட்டைப் பொறுத்து மாறும். இதய ஒலியில் சந்தேகம் வந்தால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுப்பார்கள். போகும்போது கலவைப் பட்டியலைக் கிராம் கணக்கோடு எழுதி எடுத்துப் போங்கள், சப்ளிமென்ட் டப்பாக்களின் லேபிள் படமும் சேர்த்து.