கன்னடம் பேசுவார், படிக்கமாட்டார்: எந்தத் தேர்வு வைப்பது?

கேள்வி: பெங்களூருவில் வளர்ந்த தமிழர்கள் கன்னட வாக்கியங்களை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. அல்சூர், ஸ்ரீராமபுரத்திலிருந்து 40 பேர் சம்மதித்திருக்கிறார்கள். அவர்களின் கன்னடத் தேர்ச்சியை அளக்கக் கோடிட்ட இடம் நிரப்பும் தேர்வு போதுமா?

பதில்: வகுப்பறையில் கற்றவர்களுக்கு அது பொருந்தும். உங்கள் ஆட்கள் தெருவில் கற்றவர்கள். சந்தையில் கன்னடத்தில் சரளமாகப் பேரம் பேசுபவர்களில் பலர் கடைப் பலகையை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். எழுத்துப் பழக்கமின்மையால் குறையும் மதிப்பெண், உங்கள் ஆய்வில் மொழித்திறன் குறைவாகப் பதிவாகிவிடும்.

‘லெக்ஸ்டேல்’ பாணித் தேர்வையும் சிலர் பரிந்துரைப்பார்கள். 2012-இல் ஆங்கிலத்துக்காக வந்த அதில் 60 சொற்கள், அவற்றில் 20 போலி. எது உண்மையான சொல் என்று சொல்ல வேண்டும், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கன்னடத்துக்கு அதே முறையைக் கொண்டுபோனால் தமிழர்களிடம் மாட்டிக்கொள்வீர்கள். பால் ஹாலு, பத்து ஹத்து, பல் ஹல்லு என்று ஒரு வாய்ப்பாடே நம் கையில் இருக்கிறதே! ‘ஹாம்பு’ என்று போலிச் சொல் வைத்துப் பாருங்கள். பாம்பை நினைத்துக்கொண்டு பலர் ‘ஆம்’ என்பார்கள். கன்னடத்தில் அது ‘ஹாவு’. அளந்தது கன்னடத்தையா, தமிழரின் சமயோசிதத்தையா?

நான் கேட்டுத் திருப்பிச் சொல்லும் தேர்வைத்தான் தேர்ந்தெடுப்பேன். வாக்கியத்தைக் கேட்டு, சிறிது இடைவெளி விட்டு, அப்படியே சொல்ல வேண்டும். கிளிப்பிள்ளை வேலை என்று தோன்றும். ஆனால் வாக்கியம் நீளும்போது ஒலியை மட்டும் நினைவில் தாங்க முடியாது. பொருள் பிடிபட்டால்தான் மறுபடி கட்ட முடியும். பல மொழிகளுக்குத் தழுவப்பட்ட ஒரு வடிவத்தில் 30 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 120.

வாக்கியங்களைத் தமிழரை மனத்தில் வைத்து எழுதுங்கள். நம் பேச்சில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போதும். கன்னடத்தில் ‘இல்ல’ வேறு, ‘அல்ல’ வேறு. சொல்லுக்குச் சொல் தமிழை மாற்றிவைப்பவர் அங்கே தடுக்கி விழுவார்.

முதலில் கன்னடத் தாய்மொழியினர் ஐந்தாறு பேருக்கு வைத்துப் பாருங்கள். அவர்களே தடுமாறும் வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். மதிப்பெண்ணை இருவர் தனித்தனியாகப் போடட்டும். ‘உயர்ந்தோர், தாழ்ந்தோர்’ என்று 40 பேரை இரண்டாகப் பிளக்காமல் மதிப்பெண்ணை அப்படியே கணக்கில் சேருங்கள். எத்தனை வருடமாக பெங்களூருவில் இருக்கிறார்கள் என்பதைக் கேட்டுக்கொள்ளலாம், அது தேர்ச்சிக்கு ஈடாகாது. ஒலிப்பதிவை மட்டும் சந்தைப் பக்கம் வைத்துக்கொள்ளாதீர்கள்; வீட்டுக்குள், ஹெட்ஃபோன் மாட்டி.