கொலம்பியா ஜக்கெற் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

ரொறன்ரோவிலிருந்து வந்த சித்தப்பா திரும்பிப் போகும்போது ஒரு குளிர் ஜக்கெற்றை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். பெட்டியில் இடமில்லையாம். வெளியே கறுப்பு, உள்ளே முழுக்க வெள்ளிப் பொட்டுகள். நெஞ்சில் ‘கொலம்பியா’ என்று தைத்திருக்கிறது. கோப்பி விளையும் நாட்டின் பெயரைக் குளிர்ச்சட்டைக்கு ஏன் வைத்தார்கள்? அம்மம்மா அதைக் கொழும்பில் வாங்கியது என்றே நம்புகிறார். மார்கழி விடுமுறைக்கு நுவரெலியா போகிறோம். போட்டுக்கொண்டு போகலாமா?

ச.,
உவர்மலை, திருகோணமலை

அன்புள்ள ச.,

கொழும்பும் இல்லை, கோப்பி நாடும் இல்லை. ஆங்கில எழுத்தைப் பாருங்கள், நாட்டின் பெயரில் நாலாவது எழுத்து வேறு. இது ஓர் ஆறு. கனடா மலைகளில் பிறந்து, அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் பசிபிக்கில் விழுகிறது. நீளம் சுமார் 2000 கிலோமீற்றர். நம் கொட்டியாரக் குடாவில் வந்து சேரும் மகாவலியைப் போல ஆறு மடங்கு.

ஜக்கெற் கம்பனிக்கு அந்த ஆற்றின் பெயரை வைத்தவர்கள் மலையேறிகள் அல்லர், அகதிகள். போல் லாம்ஃப்ரொம், மரீ தம்பதியர் ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க்கைச் சேர்ந்த யூதர்கள். அங்கே சட்டைத் தொழிற்சாலை நடத்தியவர்கள். ஹிட்லர் ஆட்சியில் 1937இல் பிள்ளைகளோடு தப்பி ஓரிகன் மாநிலத்து போர்ட்லண்ட் நகரத்துக்கு வந்தார்கள். அங்கே ரோசன்ஃபெல்ட் என்ற பெயரில் இருந்த தொப்பிக் கம்பனி ஒன்றை வாங்கினார்கள். 1938இல் பலகையை மாற்றி, பக்கத்தில் ஓடும் ஆற்றின் பெயரை எழுதினார்கள்: கொலம்பியா தொப்பிக் கம்பனி.

நம்மூரில் கடை போட்டால் குலதெய்வத்தின் பெயர், இல்லாவிட்டால் மூத்த பிள்ளையின் பெயர். வெளியூர் போனவர் சொந்த ஊரின் பெயரைக் கொண்டுபோவார். இவர்கள் மூன்றையும் செய்யவில்லை. அந்த ஆண்டில், ஜேர்மன் உச்சரிப்போடு வந்திறங்கிய ஒரு யூதர் தன் பெயரைத் தெருவில் தொங்கவிடத் தயங்கியிருந்தால் எனக்கு வியப்பில்லை. ஆற்றின் பெயருக்கு யாரும் உன் ஊர் எது என்று கேட்கமாட்டார்கள். (அந்த ஆறும் இரவல் பெயரில்தான் ஓடுகிறது. 1792இல் ரொபர்ட் கிரே என்ற அமெரிக்கக் கப்டன் உள்ளே நுழைந்து, தன் கப்பலின் பெயரை அதற்கு வைத்துவிட்டுப் போனார். கரையிலிருந்த சினூக் மக்களிடம் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது.)

எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான். நாடு விட்டு வந்தபோது மகள் கேர்ட்டுக்கு 13 வயது. தொப்பி வியாபாரம் மெல்ல உடுப்புக்கு மாறியது. 1970இல் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய கணவர் மாரடைப்பில் இறந்தார். தலைக்கு மேல் கடன். விற்றுவிடலாம் என்று பேசப்போனால், எல்லாம் கழித்துக் கைக்கு மிஞ்சுவது 1400 டொலர் என்றாராம் வாங்க வந்தவர். அந்தக் காசுக்கு நானே இதை நாசமாக்கிக்கொள்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டார் கேர்ட். படித்துக்கொண்டிருந்த மகன் டிம்மைத் துணைக்கு வைத்துக்கொண்டு கம்பனியை நிமிர்த்தினார். 1980களில் விளம்பரங்களில் அவரே வந்தார், கண்டிப்பான அம்மாவாக. ஜக்கெற் தாங்குகிறதா என்று பார்க்க மகனைக் கார் கழுவும் இயந்திரத்துக்குள் அனுப்புகிற அம்மா! பெற்றோர் பெயரைக்கூடப் பலகையில் போடவில்லை, மகள் நரைத்த தலையோடு முகத்தையே போட்டார். 2019இல், 95 வயதில் இறக்கும்வரை கம்பனியின் தலைவராக இருந்தார்.

நுவரெலியாவுக்குத் தாராளமாகக் கொண்டுபோங்கள், ஆனால் இரவுக்கு மட்டும். அந்த வெள்ளிப் பொட்டுகள் உடம்பின் சூட்டை உடம்புக்கே திருப்பி அனுப்புகிறவை, இடைவெளிகள் வேர்வை ஆவி வெளியேற. மார்கழி இரவில் அங்கே 10 பாகைக்குக் கிட்ட இறங்கும், அப்போது சுகமாக இருக்கும். பகலில் கிரெகரி வாவியைச் சுற்றி நடக்கும்போது போட்டால் அவிந்துபோவீர்கள். போகும் வழியில் பஸ்ஸிலும் போடவேண்டாம், கண்டி தாண்டும்வரை மடியில் இருக்கட்டும்.