வீட்டில் படிக்காத பிள்ளை நூலகத்தில் படிப்பது ஏன்?

வீட்டில் பத்து நிமிடம்கூடப் புத்தகத்தோடு உட்காராத உங்கள் மகன் நூலகத்தில் மட்டும் இரண்டு மணி நேரம் அசையாமல் படிப்பதாகச் சொல்லி, இடம் ஒருவரின் நடத்தையை உண்மையிலேயே மாற்றுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றும். ஆனால் சுவரின் நிறமும் சன்னலின் காட்சியும் அதில் சிறு பங்குதான். மருத்துவமனையில் மரங்கள் தெரியும் சன்னலருகே இருந்த நோயாளிகள் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள் என்று ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட ஆய்வையே எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அது 46 நோயாளிகளை மட்டும் வைத்துச் செய்தது, உங்கள் கேள்விக்கு நேரான விடையும் அன்று.

நேரான விடை உளவியலாளர் ரோஜர் பார்க்கரிடம் இருக்கிறது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஓஸ்கலூசா என்னும் சிற்றூரில் 1947-இல் ஆய்வு நிலையம் அமைத்த அவரும் உடன் பணியாற்றியோரும், குழந்தைகளின் அன்றாட வாழ்வைப் பின்தொடர்ந்து குறிப்பெடுத்தார்கள். ஒரு குழந்தை என்ன செய்யும் என்பதை அதன் குணத்தைவிட, அது அப்போது எங்கே இருக்கிறது என்பதே பெரும்பாலும் நன்றாகக் காட்டியது. இடம், அங்குள்ள பொருள்கள், நேரம், கூடுவோர், எழுதப்படாத முறைகள் எல்லாம் சேர்ந்த ஒரு களமே அங்கு வருபவரை நடத்துகிறது என்பது அவர் கருத்து. பாம்பன் கரையில் பிறந்த எனக்கு இது புதிதாகப் படவில்லை. விடியற்காலை மீன் ஏலத்தில் தொண்டை கிழிய விலை கேட்கும் அதே ஆள், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு நிற்கிறார்; யாரும் அவரை அதட்டவில்லை.

களத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதும் சூழலின் ஒரு பகுதியே. இதைத்தான் நாம் அதிகம் கவனிப்பதில்லை. பார்க்கரும் பால் கம்ப்பும் 1964-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சிறிய பள்ளிகளின் மாணவர்கள் பெரிய பள்ளி மாணவர்களைவிட அதிகமான பொறுப்புகளை ஏற்றிருந்தார்கள், ஏனென்றால் அங்கே ஆள் குறைவு, ஒவ்வொருவரும் தேவைப்பட்டார்கள். மூன்று நான்கு பேர் போகும் நாட்டுப்படகில் சோம்பேறி என்று ஊரே சொல்லும் பையனும் வலை வாங்குவான், நீர் இறைப்பான், சுக்கானும் பிடிப்பான். கரையில் நின்று பலர் கயிறு பிடித்து இழுக்கும் கரைவலையில் நிலைமை வேறு. கயிற்றைப் பிடித்தவர் பலர் என்றால், ஒருவர் சும்மா பிடித்துக்கொண்டு நடந்தாலும் தெரியாது. கயிறு இழுப்போர் கூடக்கூடத் தலைக்கு இழுவிசை குறைகிறது என்று பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர் ரிங்கெல்மான் 1913-இல் வெளியிட்ட ஆய்வில் அளந்தே காட்டினார். எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காததும் அதற்குக் காரணம் என்றார். கரைவலைக்காரர்கள் பாடும் அம்பாப் பாட்டு அந்த ஒரு நொடியைப் பிடித்துக் கொடுப்பதற்கே என்பது என் எண்ணம்.

இதை அளவுக்கு மீறி நீட்டவும் கூடாது. 1964 டிசம்பர் புயலுக்குப் பின் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்த தனுஷ்கோடியில், மணலைத் தோண்டி ஊற்று நீர் எடுத்துக்கொண்டு மீனவக் குடும்பங்கள் தங்கியே இருந்தன. சூழல் அவர்கள் தண்ணீர் எடுக்கும் விதத்தை வகுத்தது. அவர்களைக் கிளப்ப அதனால் முடியவில்லை.

உங்கள் வீட்டில் மகன் உட்காரும் இடம் சாப்பாட்டுக்கும் தொலைக்காட்சிக்கும் உரிய இடமாக இருந்தால், அவை அவனைத் தம் பக்கம் இழுக்கத்தான் செய்யும். ஒரு மூலையைப் படிப்புக்கென்றே ஒதுக்குங்கள். கைப்பேசிக்கு மின்னேற்றும் இடம் அதன் அருகில் வேண்டாம். ஆனால் நூலகத்தில் அவனைப் பிடித்து வைப்பது மேசையைவிடச் சுற்றிலும் படித்துக்கொண்டிருக்கும் ஆட்கள்தான். ஆகவே முடிந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரை மாலையில் அந்த மூலையில் அவனோடு சேர்ந்து உட்காரச் சொல்லுங்கள். இருவர் போதும்; பத்துப் பேர் வந்தால் கரைவலைக் கதையாகிவிடும்.